கூட்டுத் தொட்டிக்கு ஏற்ற நன்னீர் மீன்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பல இன மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டியை மீன் வளர்ப்போர் கம்யூனிட்டி டேங்க், அதாவது கூட்டுத் தொட்டி என்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர், கடையில் கண்ணுக்குப் பிடித்த மீன்களை இனத்துக்கு இரண்டாக வாங்கி வந்து ஒரே நாளில் தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து வால் கிழிந்த மீனையும், இருந்த இடம் தெரியாமல் போன மீனையும் பார்த்து, எங்கே தவறு நடந்தது என்று குழம்புகிறார்கள். மீன்கள் ஒத்துப்போவது என்பது சண்டையிடாமல் இருப்பது மட்டுமன்று. ஒரே வகைத் தண்ணீர், ஒரே அளவு வெப்பம், ஏறத்தாழ ஒரே வேகத்தில் இரை எடுக்கும் பழக்கம், முழு வளர்ச்சிக்குப் பிறகும் ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று அடங்காத உடல் அளவு ஆகிய அனைத்தும் பொருந்தினால்தான் அவை ஒத்துப்போகும். ஆகையால் மீனின் பெயரிலிருந்து தொடங்காமல், முதலில் தண்ணீர், அடுத்து தொட்டி, அதற்குப் பிறகே மீன் என்ற வரிசையில் முடிவெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

முதல் படி: உங்கள் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள்

தொட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றப்போகிறீர்களோ அதன் பிஎச் அளவையும் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) கடினத்தன்மையையும் சோதனைக் கருவியால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு. ஜெர்மானிய அளவீட்டில் 8 டிகிரிக்குக் கீழே இருப்பதை மென்னீர் என்றும், 12 டிகிரிக்கு மேல் இருப்பதைக் கடின நீர் என்றும் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, ராம் சிக்லிட் போன்ற தென்னமெரிக்க மீன்களும், தென்கிழக்கு ஆசியாவின் ஹார்லிக்வின் ரஸ்போராவும் இயல்பாக மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீரில் வாழ்பவை. குட்டி போடும் இனங்களான கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவை கடினமான, சற்றே காரத்தன்மை கொண்ட நீரை விரும்புபவை. பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட மீன்கள் ஓரளவு மாறுபட்ட நீரையும் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா மீனுக்கும் இந்தத் தாங்கும் திறன் ஒரே அளவில் இருப்பதில்லை. மென்னீரில் விடப்பட்ட மோலி, முன்னே நகராமல் நின்ற இடத்திலேயே உடலை இடமும் வலமுமாக நெளித்துக்கொண்டிருப்பதைப் பல தொட்டிகளில் பார்க்கலாம். துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கி வைத்திருக்கும். அந்த மீனுக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது ஏற்ற தண்ணீர்.

விரும்பிய மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவதைவிட, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே தொடக்கநிலையில் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது. பிஎச் அளவைக் கூட்டவோ குறைக்கவோ விற்கப்படும் திரவங்களைச் சேர்த்தால் அளவு ஓரிரு நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. அந்த ஏற்ற இறக்கம், சற்றே பொருந்தாத ஆனால் நிலையான பிஎச் அளவைவிட மீன்களுக்கு அதிகத் துன்பம் தருகிறது.

வெப்பத்தையும் இதே கட்டத்தில் முடிவு செய்துவிட வேண்டும். ஜீப்ரா டேனியோவுக்கு 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையும், நியான் டெட்ராவுக்கு 21 முதல் 26 வரையும், கப்பிக்கு 22 முதல் 28 வரையும் பொருந்தும். ராம் சிக்லிட் 27க்கு மேல்தான் நலமாக இருக்கும். டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 வரை வேண்டும். ஆகவே ஜீப்ரா டேனியோவையும் டிஸ்கஸையும் ஒரே தொட்டியில் விட்டால், அவை ஒன்றையொன்று தொடாவிட்டாலும் இரண்டில் ஒன்று எப்போதும் வதைபட்டுக்கொண்டே இருக்கும்.

தங்கமீனைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் முதல் தொட்டிக்கு அதிகம் வாங்கப்படும் மீன்களில் அதுவும் ஒன்று. கோல்ட்ஃபிஷ் எனப்படும் தங்கமீன் குளிர்ந்த நீர் மீன். 18 முதல் 22 டிகிரி வரை அதற்கு ஏற்றது. அதிகம் உண்டு, அதிகம் கழிவை வெளியேற்றும். நீண்ட உடல் கொண்ட காமெட் போன்ற வகைகள் 30 சென்டிமீட்டரைத் தொடக்கூடியவை. வாயில் அடங்கும் சிறு மீனை விழுங்கிவிடும். இவ்வளவு காரணங்களாலும் அதை வெப்பமண்டல மீன்களின் கூட்டுத் தொட்டியில் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தங்கமீன் பிடிக்குமென்றால், பெரிய தொட்டி ஒன்றைத் தங்கமீன்களுக்காகவே ஒதுக்கி வளர்ப்பது அழகாகவும் இருக்கும், அவற்றுக்கும் நல்லது.

இரண்டாம் படி: தொட்டியின் அளவும் அதன் தயார்நிலையும்

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நீர் நிரப்பினால் 45 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். கணக்குப் போடும்போது இந்த இரண்டாவது எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கொள்ளளவைப் போலவே நீளமும் முக்கியம். டேனியோ, பார்ப் போன்ற விரைந்து நீந்தும் மீன்களுக்கு உயரமான குறுகிய தொட்டியைவிட, அதே கொள்ளளவு கொண்ட நீளமான தொட்டிதான் பயன்படும்.

மீனின் நீளத்தை மட்டும் கூட்டி, இத்தனை லிட்டருக்கு இத்தனை சென்டிமீட்டர் மீன் என்று சொல்லப்படும் சூத்திரத்தை நம்ப வேண்டாம். நீளம் இரு மடங்கானால், அதே உடல்வாகு கொண்ட மீனின் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. கழிவும் உயிர்வளித் தேவையும் எடையைப் பொறுத்தே கூடுகின்றன. 5 சென்டிமீட்டர் மீன் இரண்டுக்குப் பதிலாக 10 சென்டிமீட்டர் மீன் ஒன்று என்பது சரியான கணக்கே அன்று.

மீன் வாங்குவதற்கு முன் தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி முழுமையடைந்திருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அமோனியா உருவாகிறது. ஃபில்டரில் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியா, நைட்ரைட் இரண்டுமே நஞ்சு. அமோனியாவின் நச்சுத்தன்மை பிஎச் அளவும் வெப்பமும் உயர உயரக் கூடும். மீன் இல்லாமலேயே அமோனியாவைச் சிறிதளவு சேர்த்து இந்தச் சுழற்சியை உருவாக்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சேர்த்த அமோனியா ஒரே நாளில் மறைந்து, அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் காட்டும்போது தொட்டி தயாராகிவிட்டது என்று கொள்ளலாம். நல்ல முறையில் தேர்ந்தெடுத்த மீன்கள்கூட, தயாராகாத தொட்டியில் ஒன்றையொன்று துரத்துவதும் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பதும் உண்டு. அதைக் குணக்கேடு என்று நினைத்து மீனை மாற்றுவதில் பயனில்லை.

மூன்றாம் படி: வளர்ந்த மீனை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்

கடைத் தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகளே. அங்கே ஏஞ்சல் மீனும் டெட்ராவும் சக்கர் மீனும் அருகருகே அமைதியாக இருப்பதைப் பார்த்து, வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று முடிவு செய்யக் கூடாது. தொட்டியைத் துடைத்துத் தரும் என்று சொல்லி 5 சென்டிமீட்டர் அளவில் விற்கப்படும் சாதாரண சக்கர் மீன் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். ஆஸ்கார் 30 சென்டிமீட்டர் வளரும். வெள்ளி நிறத்தில் கறுப்பு விளிம்புத் துடுப்புகளோடு இருக்கும் பாலா ஷார்க்கும் ஏறத்தாழ அதே அளவை எட்டும். சிவப்பு வால் கெளுத்தியோ ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். இவை எவையும் வீட்டுக் கூட்டுத் தொட்டிக்கு உரியவை அல்ல. பாசி தின்னும் மீன் கட்டாயம் வேண்டுமென்றால், 12 முதல் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் பிரிசில்நோஸ் வகையை 80 சென்டிமீட்டருக்குக் குறையாத தொட்டியில் வைக்கலாம். சைனீஸ் அல்ஜி ஈட்டர் என்ற பெயரில் வருவதைத் தவிர்த்துவிடுங்கள். சிறு வயதில் பாசியைத் தின்னும் அந்த மீன் வளர வளர முரட்டுத்தனமாகி, அகன்ற உடல் கொண்ட மற்ற மீன்களின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வழவழப்புப் படலத்தை உறிஞ்சத் தொடங்கும்.

வாயில் அடங்கும் மீன் இரைதான் என்பது கூட்டுத் தொட்டியில் மாறாத விதி. இதற்கு ஏஞ்சலும் நியான் டெட்ராவும் நல்ல எடுத்துக்காட்டு. ஏஞ்சல் நாணய அளவில் இருக்கும்போது 3 சென்டிமீட்டர் நியான்களோடு ஒரு குறையும் இல்லாமல் வாழும். பார்ப்பவர்கள் இரண்டும் பழகிவிட்டன என்று நிம்மதி அடைகிறார்கள். ஏஞ்சலின் உடல் 15 சென்டிமீட்டர் நோக்கி வளர்ந்த பிறகு, விளக்கு அணைந்த நேரத்தில் நியான்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பிணமும் கிடைக்காது, காயம்பட்ட மீனும் இருக்காது. எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கும். நியான்கள் மெலிந்த நீள் உடல் கொண்டவை என்பதால் எளிதில் விழுங்கப்படுகின்றன. ஏஞ்சல்தான் வேண்டும் என்று தீர்மானித்தால், உடல் தட்டையாகவும் உயரமாகவும் இருக்கும் பிளாக் விடோ போன்ற டெட்ராக்களை நாடத் தோன்றும். அவற்றுக்கோ நீண்ட துடுப்புகளைக் கடிக்கும் பழக்கம் உண்டு. லெமன் டெட்ரா, உடலின் பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி கொண்ட பிளீடிங் ஹார்ட் டெட்ரா ஆகியவை உடல் அளவில் பொருந்துகின்றன என்றாலும், பிளீடிங் ஹார்ட்டைப் பெரிய குழுவாக வைத்தால் மட்டுமே அதன் சீண்டல் தங்களுக்குள் அடங்கும். உயரம் 45 சென்டிமீட்டருக்குக் குறைந்த தொட்டியில் ஏஞ்சலை வைக்காமல் இருப்பதே நல்லது.

நான்காம் படி: குணம்

கடிக்கும் மீனையும் நீண்ட துடுப்பு மீனையும் சேர்க்காதீர்கள். டைகர் பார்ப், செர்பே டெட்ரா இரண்டும் துடுப்பு கடிப்பதற்குப் பெயர் பெற்றவை. டைகர் பார்ப்பை எட்டுக்கும் மேற்பட்ட குழுவாக வைத்தால், அந்தச் சீண்டல் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனாலும் ஏஞ்சல், கௌராமி, கப்பி ஆகியவற்றோடு வைக்கும் அளவுக்கு நம்பக் கூடாது. அதே சுறுசுறுப்பு வேண்டும், சண்டை வேண்டாம் என்பவர்களுக்கு இலங்கையைச் சேர்ந்த செர்ரி பார்ப் மிகவும் ஏற்றது. 5 சென்டிமீட்டர்தான் வளரும். ஆண் மீன்கள் நல்ல சிவப்பு நிறம் கொள்ளும்.

ஃபைட்டர் எனப்படும் பெட்டா மீனைப் பற்றிக் கேள்விகள் அதிகம் வருகின்றன. இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தனி ஆண் ஒன்றைக் கூட்டுத் தொட்டியில் வைக்கலாம். ஆனால் வண்ணமயமான பெரிய வால் கொண்ட ஆண் கப்பியை அது இன்னொரு ஃபைட்டராக எடுத்துக்கொண்டு தாக்கக்கூடும். மறுபுறம், தன் வாலையே இழுத்துக்கொண்டு மெதுவாக நீந்தும் ஃபைட்டரைக் கடிக்கும் மீன்கள் எளிதில் சிதைத்துவிடும். ஃபைட்டரும் கௌராமியும் காற்றைச் சுவாசிக்க உதவும் லேபிரிந்த் உறுப்பைக் கொண்ட ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. மேல்மட்டத்துக்காகப் போட்டியிடுவதால் சிறிய தொட்டியில் இரண்டையும் சேர்க்காதீர்கள். ட்வார்ஃப் கௌராமி ஆண்கள் இரண்டை ஒன்றாக வைப்பதும் அப்படித்தான். ஹனி கௌராமி இவற்றைவிடச் சாந்தமானது.

சிக்லிட் மீன்கள் முட்டையிடும்வரை ஒரு முகம், முட்டையிட்ட பிறகு வேறொரு முகம் காட்டுபவை. கான்விக்ட் சிக்லிட் ஜோடி, குஞ்சுகளைக் காக்கும்போது தொட்டியின் பாதியை ஆக்கிரமித்து, மற்ற மீன்களை ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். மலாவி ஏரியின் சிக்லிட்களுக்கு பிஎச் 7.8க்கு மேல் இருக்கும் கடின நீரும், தனித் தொட்டியும் தேவை. சிவப்பு வால் கறுப்பு ஷார்க், அடிமட்டத்தைத் தன் இடமாக்கிக்கொள்ளும் மீன் என்பதால், வைப்பதாக இருந்தால் பெரிய தொட்டியில் ஒன்றே ஒன்று போதும்.

ஐந்தாம் படி: எண்ணிக்கையும் ஆண் பெண் விகிதமும்

இனத்துக்கு இரண்டு என்று பத்து இனங்கள் வாங்குவதைவிட, மூன்று இனங்களைப் போதிய எண்ணிக்கையில் வாங்குவதே மீன்களுக்கும் பார்ப்பவருக்கும் நல்லது. இந்தக் கட்டுரையில் ஒரு அறிவுரையை மட்டும் ஏற்கலாம் என்றால் அது இதுவாக இருக்கட்டும். டெட்ரா, ரஸ்போரா, டேனியோ, பார்ப், அடிமட்டத்தில் வாழும் சிறு கெளுத்தியான கோரிடோராஸ் ஆகியவை கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் குறையாமலும், இடமிருந்தால் எட்டு, பத்து என்றும் வைக்க வேண்டும். இரண்டு நியான்கள் செடிக்குப் பின்னால் நிறம் மங்கி ஒளிந்திருக்கும் அதே தொட்டியில், பத்து நியான்கள் நடுவில் வந்து நீந்தும். கடிக்கும் குணமுள்ள மீன்களிலும் குழு சிறிதாக இருந்தால்தான் தொல்லை பெருகுகிறது.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவற்றில் ஆண் மீன்கள் பெண்களை விடாமல் துரத்தும் என்பதால், ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற விகிதம் தேவை. அப்படி வைத்தால் குட்டிகள் பெருகும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். பெண் கப்பி ஒருமுறை சேர்க்கையில் பெற்ற விந்தணுவைச் சேமித்து வைத்துப் பல மாதங்கள் குட்டி போடக்கூடியது. எனவே பெண்களை மட்டும் வாங்கினாலும் குட்டிகள் வரலாம். பெருக்கம் வேண்டாதவர்கள் ஆண் கப்பிகளை மட்டும் ஆறோ எட்டோ வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: மேல், நடு, அடிமட்டம்

ஒரே மட்டத்தில் எல்லா மீன்களும் நெருக்காமல், மேல்மட்டத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, அடிக்கு ஒன்று என்று பிரித்துத் தேர்ந்தெடுங்கள். அடிமட்ட மீன்களைத் துப்புரவுப் பணியாளர்களாகக் கருதி இரை போடாமல் விடுவது பரவலாக நடக்கும் தவறு. கோரிடோராஸ் மீன் கழிவைத் தின்பதில்லை. மீசைகளால் மணலைத் துழாவி, வாயில் அள்ளிய மணலைச் செவுள் வழியே வெளியேற்றிவிட்டு, இரையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கூர்மையான சல்லியில் அந்த மீசைகள் தேய்ந்துபோவதால், அதற்கு மென்மையான மணல் வேண்டும். மேலே மிதக்கும் தீவனத்தை டேனியோக்கள் சில நொடிகளில் தீர்த்துவிடும் தொட்டியில், விளக்கை அணைத்தபின் மூழ்கும் தீவன வில்லைகளைப் போட்டால்தான் கோரிடோராஸுக்குக் கிடைக்கும். அதே காரணத்தால், நிதானமாக உண்ணும் பெர்ல் கௌராமியை மின்னல் வேகத்தில் பாயும் மீன்களோடு சேர்க்க வேண்டியதில்லை.

சில சேர்க்கைகள்

மென்னீர் உள்ளவர்கள், 60 சென்டிமீட்டர் தொட்டியில் ஹார்லிக்வின் ரஸ்போரா எட்டு, சிறிய வகையான பிக்மி கோரிடோராஸ் ஆறு, ஹனி கௌராமி ஒரு ஜோடி என்று வைக்கலாம். 24, 25 டிகிரியில் மூன்றுமே நலமாக இருக்கும். கடின நீராக இருந்தால், அதே தொட்டியில் ஆண் கப்பிகள் ஆறும், ஓரளவு கடினமான நீரையும் தாங்கும் வெண்கலக் கோரிடோராஸ் ஆறும் போதும். 90 சென்டிமீட்டர் நீளமும் 100 லிட்டருக்கு மேல் நீரும் இருந்தால், செர்ரி பார்ப் பத்து, கோரிடோராஸ் எட்டு, பெர்ல் கௌராமி ஒரு ஜோடி, பிரிசில்நோஸ் ஒன்று என்பது நிறைவான தொட்டி. இன்னும் கொஞ்சம் இடம் இருப்பதுபோல் தோன்றும். அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

மீன் வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

கடையில் தனி மீனைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தொட்டி முழுவதையும் பாருங்கள். இறந்த மீன் கிடந்தாலோ, உடலில் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தாலோ, செவுள்கள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தாலோ அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். இரை போடச் சொல்லி, மீன் உண்பதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குவது மிகவும் நல்லது. ஊசி வழியே செயற்கைச் சாயம் ஏற்றப்பட்ட கண்ணாடி மீன் போன்றவற்றை வாங்கி அந்தக் கொடிய வழக்கத்தை வளர்க்காதீர்கள்.

வாய்ப்பிருந்தால், புதிய மீன்களை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். பிறகு முதன்மைத் தொட்டியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாமல், ஒரு குழு, ஒன்றிரண்டு வார இடைவெளி, அடுத்த குழு என்று சேர்த்தால், ஃபில்டரிலுள்ள பாக்டீரியா கூடும் கழிவுக்கு ஏற்பப் பெருகிக்கொள்ளும். சாந்தமான கூட்ட மீன்களை முதலிலும், இடம்பிடிக்கும் குணமுள்ள மீனைக் கடைசியிலும் விடுங்கள். முதலில் வந்த மீன் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்வதை இந்த வரிசை தடுக்கிறது. முரட்டு மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால், புதியவற்றை விடும் நாளில் கல், மரத்துண்டு, செடிகளை இடம் மாற்றி அமைப்பது உதவும்.

முதல் வாரத்தில் காலையிலும் விளக்கு அணைக்கும் நேரத்திலும் தொட்டியின் முன் சற்று நேரம் உட்கார்ந்து, மீன்களை எண்ணுங்கள். வாலில் சிறு அரைவட்ட வடிவில் துண்டு குறைந்திருந்தால் அது பெரும்பாலும் கடி. விளிம்பு வெளுத்து நைந்து நூல் நூலாகப் பிரிந்தால் அது துடுப்பழுகல் நோய். முதல் வேலையாகத் தண்ணீரைச் சோதியுங்கள். ஒரு மீன் எப்போதும் ஹீட்டருக்குப் பின்னாலேயே நின்றாலும், இரை நேரத்தில்கூட வெளியே வராவிட்டாலும், அதைத் துரத்தும் மீன் எது என்று கண்டுபிடித்து, துரத்துவதைத் தனியே எடுத்துத் தடுப்புக்குள் சில நாள்கள் வைத்துப் பாருங்கள். திரும்ப விட்ட பிறகும் தொடர்ந்தால் அந்த மீனுக்கு வேறு தொட்டி தேவை.

ஒத்துப்போகாத மீனையோ பெரிதாக வளர்ந்துவிட்ட மீனையோ எக்காரணம் கொண்டும் குளத்திலோ ஆற்றிலோ விடக் கூடாது. இப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அங்கே இயல்பாக வாழும் மீன்களின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டிருக்கின்றன. கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கூட்ட மீன்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறையும். பத்து ரஸ்போராக்கள் நான்காகிவிட்டால், அதே இனத்தில் புதியவற்றைச் சேர்த்து மீண்டும் எட்டாக்குங்கள். வேறு இனம் வளர்க்க விரும்பினால், மீதமுள்ள நான்கையும் அதே இனத்தை வைத்திருப்பவரின் தொட்டியில் சேர்த்துவிட்டு, அதன் பிறகு புதிய கூட்டத்தை வாங்குங்கள்.